கருப்பின் மேல் கருப்பு

ரெட்டை என்று சொன்னால்தான் அந்த மருத்துவமனையின் பின்வாசலில் ஆளைக் காட்டுவார்கள். சிலிண்டர் தள்ளுகிற மற்றவர்கள் ஒன்றைச் சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, கழுத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டு போவார்கள். இவர் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என இரண்டையும் சேர்த்து உருட்டுவார். பிள்ளைகள் இரண்டையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகிற தகப்பன் மாதிரி ஒரு நடை. அந்த நடை போய்விட்டது. ஒரு நாள் சரிவில் இறங்கும்போது இடுப்பில் என்னவோ பிடித்தது; பிடித்தது பிடித்ததுதான். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு வேலையும் போயிருக்கும். போகாமல் காப்பாற்றியது எழுத்து.

ரெட்டை தலை நரைத்தபிறகு எழுத்துப் படித்தவர். தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. அவருடைய மனைவிதான் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போய் உட்காரவைத்தாள். சிலிண்டர் உருட்டின கைக்குப் பென்சில் ஒரு துரும்பு. பிடித்தால் ஒடிந்துவிடும், விட்டால் விழுந்துவிடும். எப்படியோ படித்தார். வாய்க்குள் முணுமுணுத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால், வரியின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். மெதுவாகத்தான். ஆனால் சேர்ந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில் சிலிண்டர் கொட்டகையின் மேசை காலியாக இருந்தது. வார்டுகளிலிருந்து இமெயில் வரும். எந்த வாயு, எந்த வார்டுக்கு, எத்தனை என்று அதைப் படித்துத் தள்ளுகிறவர்களிடம் கூவிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஸ்டோர் சூப்பர்வைசர் இவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். ரெட்டையின் மனைவி அன்றைக்கு அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் மருத்துவமனையிலேயே கிழடு. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கருப்புத் திரையில் பச்சை எழுத்து, மேலே கீழே போக அம்புக்குறி, அவ்வளவே. ஒரு வரிக்கு ஓர் இமெயில். வரிக்குக் கீழே வரி, அதற்குக் கீழே வரி, எல்லாம் ஒரே பச்சை. ஈரச் சுவரில் பாசி ஏறினதுபோல இருக்கும். எது புதியது, எது பழையது, எது அவசரம் என்று ரெட்டைக்குத் தலைகால் புரியாது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். திறந்த பிறகோ இன்னும் சிக்கல். பதில் எழுதுகிறவர்களின் பேச்சுக்கு அடியில், முன்னால் எழுதின பழைய வரிகளும் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

அங்கேதான் வழுக்கியது. மகப்பேறு வார்டிலிருந்து, 'வந்து சேர்ந்தது, நன்றி' என்று ஒரு பதில் வந்தது. அதற்கு அடியில் அவர்களுடைய முந்தைய கேட்பு அப்படியே இருந்தது. ரெட்டை ஒரு வரி விடாமல் பொறுமையாகப் படித்தார். நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் கேட்கிறார்கள், நல்ல மனுஷர்கள் என்று நினைத்து இன்னொரு முறை அனுப்பினார். அதற்கும் பதில் வந்தது. அதற்கு அடியிலும் அந்தக் கேட்பு இருந்தது. சாயங்காலத்துக்குள் மகப்பேறு வார்டு வராந்தாவில் பிள்ளைத்தாய்ச்சிகள் நடக்க இடமில்லாமல் சிலிண்டர்கள் வரிசை கட்டி நின்றன.

சூப்பர்வைசர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"ரெட்டை, படிக்கத் தெரியும்னு சொன்னதாலதானே உங்களை இங்க உட்கார வச்சேன்?"

"படிச்சேன் சார். எல்லாத்தையும் படிச்சேன்."

"அதான் பிரச்சினை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும். உங்களைத் திரும்பத் தள்ள அனுப்பவும் முடியாது. புரியுதா?"

புரிந்தது.

வெளியே சரிவில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் மீசை. ரெட்டையோடு கூடவே வேலைக்குச் சேர்ந்தவர். எழுத்து வாசனை அறியாதவர்; உதட்டை மூடுகிற அளவுக்கு மீசை உள்ளவர். சூப்பர்வைசர் போனதும் உள்ளே தலையை நீட்டினார்.

"என்னய்யா, படிச்ச ஆளுக்கு இவ்வளவு திட்டா? படிக்காத எனக்கு ஒரு திட்டும் இல்லை பாரு."

"போய்யா. பொழப்பைப் பாரு."

ரெட்டையின் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, அதே மருத்துவமனையில் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தாள். அக்கா வழியாகச் சேதி போய்ச் சேர, மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்துவிட்டாள். வரும்போதே கேலி.

"என்ன மாமா, மகப்பேறு வார்டுக்கு அவ்வளவு ஆக்ஸிஜனா? பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் பலூன் ஊதவா?"

"சிரி, நல்லாச் சிரி. உங்கக்கா நேத்து சோறு போடறப்ப கரண்டியாலயே திட்டினா. மிச்சம் இருந்தது நீதான்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு வெளியே நின்ற சிலிண்டர்களைக் கை காட்டினாள்.

"அதுல எது என்ன வாயுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மேல எழுதியிருக்கே, அதைப் படிச்சா?"

"அதைப் போய் எவன் படிப்பான்? கழுத்தைப் பார்த்தாப் போதும். வெள்ளைக் கழுத்து ஆக்ஸிஜன். நீலக் கழுத்து, மயக்க மருந்து டாக்டருங்க கேட்கிற சிரிப்பு வாயு. கருப்புக் கழுத்து நைட்ரஜன். அது எப்பவாவதுதான் போகும்."

"அப்ப இந்த வரிக்கும் கழுத்துல நிறம் அடிச்சிடலாம்."

ரெட்டை அவளை ஏற இறங்கப் பார்த்தார். கேலி மாதிரித் தெரியவில்லை.

"எழுத்துக்கா? எழுத்துக்கு நிறம் அடிக்க முடியுமா?"

"முடியும் மாமா. இந்தத் திரைக்கு எல்லா நிறமும் வரும், யாரும் கேட்டதில்லை. இதுக்குள்ள ஒரு கோப்பு இருக்கு. அதுல ஒரு வரி எழுதினாப் போதும். முதல்ல எதுக்குன்னு சொல்லணும். அப்புறம் என்ன நிறம். அப்புறம் எதன் மேல, அதாவது எழுத்துக்குப் பின்னாடி என்ன நிறம். மூணே சொல்."

அவள் விரல்கள் விசைகளின் மேல் ஓடின. முதலில் பழைய பேச்சை எடுத்துக்கொண்டாள். பதிலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வரும் வரிகளுக்கு முன்னால் சின்னதாக ஓர் அம்புமுனை இருக்குமாம். ரெட்டை அதைப் பார்த்திருக்கிறார். திரையில் கீறல் என்று நினைத்திருந்தார். அந்த அம்புமுனை உள்ள வரியெல்லாம் சாம்பல் நிறமாகட்டும் என்று எழுதிவிட்டு, மகப்பேறு வார்டின் அந்த இமெயிலையே திறந்து காட்டினாள்.

'வந்து சேர்ந்தது, நன்றி' என்பது மட்டும் பச்சையாக முன்னால் நின்றது. மற்றதெல்லாம் சாம்பலாகி ஒதுங்கிக்கொண்டது. அறைக்குள் ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டதுபோல இருந்தது. ரெட்டை வாயைத் திறந்தவர் மூடவில்லை. நேற்று முழுக்க அவரை ஏமாற்றிக்கொண்டிருந்த அதே எழுத்துகள்தான். ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை. ஆனாலும் இப்போது யார் பேசுகிறார்கள், யார் பேசி முடித்துவிட்டார்கள் என்று முகம் பார்த்ததுபோலத் தெரிந்தது.

"அடேயப்பா" என்றார்.

"இருங்க, இன்னும் இருக்கு. தலைப்புல ஆக்ஸிஜன்னு இருந்தா வெள்ளை. சிரிப்பு வாயுன்னா நீலம். வெளிர் நீலமாப் போடறேன், அப்பத்தான் தெரியும். நைட்ரஜன்?"

"அதான் சொன்னேனே. கருப்புக் கழுத்து."

"கருப்பு." தட்டினாள். "எதன் மேல?"

"இருக்கிறது மேலதான். வேற எதன் மேல?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி அடித்தது. மேல் மாடியில் ஏதோ நின்றுபோயிருக்கிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டே மிச்சத்தைத் தட்டினாள். மூன்றாவது சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டாள். கடைசியாக, கை இருக்கிற வரி தெரிய வேண்டும் என்று, அம்புக்குறி நகரும்போது கூடவே நகர்கிற ஒரு மஞ்சள் பட்டையையும் போட்டாள். "பட்டை மேல வந்தா எந்த வரியா இருந்தாலும் எழுத்து கருப்பாத் தெரியும் மாமா. ஒண்ணும் பயப்படாதீங்க. வெறுமையா ஏதாவது வந்தா அழிச்சிடுங்க, குப்பை நிறைய வருது" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள். அன்றைக்குப் பட்டியலில் நைட்ரஜன் கேட்டு ஒன்றுகூட இல்லை. அதனால் யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ரெட்டை நாற்காலியில் உட்கார்ந்த அழகே வேறு. திரை அவருக்குக் கொட்டகை முற்றம்போல ஆகிவிட்டது. வெள்ளை வெள்ளையாக ஆக்ஸிஜன்கள், இடையிடையே நீலம். படிப்பதற்கு முன்னாலேயே பாதி தெரிந்துவிடும். மிச்சத்தை விரல் வைத்துப் படிப்பார். கூவுகிற குரலில்கூட ஒரு தெம்பு வந்துவிட்டது. "மீசை! வெள்ளை ரெண்டு, குழந்தை வார்டு!" சூப்பர்வைசர் கடந்து போகும்போது நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் அவருடைய பாராட்டு. ஆனாலும் 'இன்னொரு தடவை' என்று அவர் சொன்னது ரெட்டையின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆளைப்போல நின்றுகொண்டேதான் இருந்தது.

ஒரு மத்தியான வேளை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பட்டியலைப் பார்த்தவருக்கு என்னவோ உறுத்தியது. ஒரு வெள்ளை வரி, அடுத்து நீல வரி. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. பல் விழுந்த இடம்போல ஒரு வரி அகலத்துக்கு வெறும் இருட்டு.

திரையைத் தட்டிப் பார்த்தார். சட்டை முனையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. கிழட்டு இயந்திரம், கண் போகிறது போலிருக்கிறது என்று நினைத்தார். மச்சினிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வெறுமையாக வந்தால் அழித்துவிடச் சொன்னாளே, அந்தக் குப்பைதான் இது என்று தோன்றியது. குப்பையைக் கூட்டித் தள்ளினால் பட்டியல் சுத்தமாகும். சுத்தமான பட்டியலில் தப்பு வராது.

அழிக்கிற விசையின் மேல் இடது கை விரலை வைத்துக்கொண்டு, வலது கையால் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினார்.

மஞ்சள் பட்டை வெள்ளை வரியை விட்டு இறங்கி, இருட்டின் மேல் உட்கார்ந்தது.

எழுத்து எழுந்தது.

ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு முழு வரி. அழிக்கிற விசை சுட்டதுபோல ரெட்டை விரலை எடுத்தார். அம்புக்குறியை மேலே தட்டினார். பட்டை ஏறியது, எழுத்து மறைந்தது. கீழே தட்டினார். எழுத்து வந்தது. எங்கிருந்தோ வந்ததாகத் தெரியவில்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர் சோறு தின்றுகொண்டிருந்தபோதும், திரையைத் துடைத்தபோதும், குப்பை என்று தீர்மானித்தபோதும் அது அங்கேயே, இருட்டோடு இருட்டாக, வாயைத் திறந்தபடி பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படித்தானே இருந்தது எல்லாமே! வேலைக்கு வந்த வழியெல்லாம் சுவரில் எழுதியிருந்தது. பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்தது. அம்மா படுத்திருந்தபோது வாங்கிவந்த மருந்துப் புட்டியில் எழுதியிருந்தது. யாரோ ஒருவரைப் பிடித்துக் கேட்டுத்தான் ஊற்றிக் கொடுத்தார். ஊர் முழுக்கக் கருப்பின் மேல் கருப்பாக எழுதிவைத்திருந்தார்கள். அவர் வெறும் சுவர் என்று நினைத்து நடந்துகொண்டிருந்தார்.

பிறகுதான் படிக்க வேண்டும் என்ற நினைவே வந்தது. விரலை வைத்தார்.

நைட்ரஜன். ரெண்டு. எலும்பு அறுவை அறை. அவசரம்.

"மீசை!" அந்தக் கூவலில் முற்றத்துப் புறா எல்லாம் எழுந்தது. "கருப்புக் கழுத்து! ரெண்டு! எலும்பு அறுவை அறைக்கு, ஓடு!"

"ஓடச் சொல்ற ஆளைப் பாரு" என்றார் மீசை. ஆனால் ஓடினார். தள்ளுவண்டி சரிவில் கடகடவென்று ஏறுகிற சத்தம் வராந்தா திரும்புகிற வரைக்கும் கேட்டது. ரெட்டை நாற்காலியில் உட்காரவில்லை. எலும்பை அறுக்கிற கருவியையும் துளைக்கிற கருவியையும் அந்த வாயுதான் ஓட்டுகிறது. யாரோ ஒருத்தர் அங்கே மயங்கிக் கிடக்கிறார். கருவி பாதியில் நின்றால்?

சூப்பர்வைசர் கைபேசியைக் காதில் வைத்தபடியே வந்தார். நடையிலேயே கோபம்.

"எலும்பு அறையில நைட்ரஜன் கேட்டு ரொம்ப நேரம் ஆச்சாம். போச்சா இல்லையா?"

"போயிட்டிருக்கு சார். இப்பத்தான்."

"இப்பத்தானா? அவசரம்னு போட்டிருக்காங்களே, பார்க்கலையா?"

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். வண்டி பஞ்சர், ஆள் இல்லை என்று ஆயிரம் இருக்கிறது. ரெட்டை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தேன் சார். ஆனா தெரியலை. நான்தான் கருப்புன்னு சொல்லிப் போடவச்சேன். திரையும் கருப்புங்கிறதை யோசிக்கலை. வெறுமையா இருக்குன்னு அழிக்கக்கூடப் போயிட்டேன். நீங்களே பாருங்க."

அம்புக்குறியைத் தட்டினார். எழுத்து வந்தது, போனது. சூப்பர்வைசர் குனிந்தார். அவரே ஒரு தடவை தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். அந்த விரலில் கோபம் இல்லை. கையில் கிடைத்த விளக்கு சுவிட்சைப் போட்டு அணைக்கிற பிள்ளையின் விரல் மாதிரி இருந்தது. அதற்குள் கைபேசியில் யாரோ பேசினார்கள்.

"ஆங்... வந்துடுச்சா? மாட்டியாச்சா? நிற்கலையே? சரி, சரி." கைபேசியைப் பையில் போட்டார். ரெட்டையின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "பழைய சிலிண்டர் தீர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுச்சு. இதை இன்னைக்கே சரி பண்ணச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில அந்த அறையில ரெண்டு ஆபரேஷன் இருக்கு. நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்து உட்கார்ந்துடுங்க."

'வந்து உட்கார்ந்துடுங்க.' அவர் போன பிறகும் ரெட்டை அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டு மச்சினி மூச்சிரைக்க வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ மாமா! கருப்பு மேல கருப்பு! நீங்க சொன்னீங்கன்னு நானும் தட்டிட்டேனே! என்ன படிச்சு என்ன பிரயோஜனம், அறிவு வேணாம் எனக்கு?"

"விடு. கழுத்துன்னு சொன்னது நான்தான். அந்த மூணாவது சொல் என்ன சொன்ன? எதன் மேல?"

"ஆமா. அதுல இப்ப வெள்ளைன்னு போட்டுட்டா, வெள்ளைப் பட்டையில கருப்பு எழுத்தா நிற்கும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் தெரியும்."

"போடு. ஆனா ஒரு நிமிஷம் இரு." எழுந்து வாசலுக்குப் போனார். மீசை காலி வண்டியோடு, வியர்வையைத் தோள்துண்டால் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார். "யோவ், உள்ள வா. ஒண்ணு காட்டறேன்."

"என்னய்யா, மறுபடியும் ஓடணுமா?"

"ஓட வேணாம். பாரு. இந்த இடத்துல என்ன இருக்கு?"

மீசை குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்லை."

ரெட்டை அம்புக்குறியைத் தட்டினார். மஞ்சள் பட்டை இறங்கியது. இருட்டுக்குள்ளிருந்து வரி எழுந்து நின்றது. மச்சினியும் திரைக்குக் கிட்டே குனிந்தாள். நிறம் போட்டவள் அவள்தான், ஆனாலும் இப்படி அவள் பார்த்ததில்லை. ரெட்டை மீசையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீசை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னமோ வந்துச்சு" என்றார். "ஆனா எனக்கு இப்பவும் இருட்டாத்தான்யா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மீசையும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ரெட்டை ஸ்டூலை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ரொம்ப நாள். உட்காரு."

"வண்டி வெளிய நிக்குதுய்யா."

"நிக்கட்டும். இப்ப ரெண்டு தள்ளிட்டு வந்தியே கருப்புக் கழுத்து, அது இதுதான். இங்க ஆரம்பிக்குது பாரு."

மீசை உட்கார்ந்தார். எண்ணெயும் துருவும் ஏறின தடித்த விரலைத் துண்டில் துடைத்தார். துடைத்தது போதவில்லை என்று இன்னொரு தடவை துடைத்தார். பிறகு, சூடாக இருக்குமோ என்று தொட்டுப் பார்க்கிறவர்போல, அந்த முதல் எழுத்தின் மேல் மெல்ல வைத்தார்.

மச்சினி நிறத்தை மாற்ற அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. அந்த விரல் எடுக்கப்படும் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றாள்.